‘சேலஞ்ச்’ என்றால் சண்டை மட்டும்தானா?

ஒவ்வொரு தேர்தலுக்கும் சில நாள் முன்னாடி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்ற ஆரம்பிக்கும். ஏற்காடு மலையில், சிக்னல் வந்து வந்து போகிற எங்க நாகலூருக்கும் அது தவறாமல் ஏறி வந்துவிடும். அதன் சாரம் இதுதான்: வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம், ஆதார் அட்டையைக் காட்டி 49ஏ பிரிவின் கீழ் ‘சேலஞ்ச் ஓட்டு’ கேளுங்கள், கொடுத்தே ஆக வேண்டும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுக்கத் தப்பு. 49ஏ என்பது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற விதி. பட்டியலில் பெயர் இல்லாதவர் ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். ‘சேலஞ்ச்’ என்ற சொல் விதிப் புத்தகத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது வாக்காளர் செய்வது இல்லை. வாக்காளரை நோக்கி இன்னொருவர் செய்வது.

விதி எண் தவறியதைவிட, அந்த வினைச்சொல்லின் பொருள் தவறியதுதான் எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமாகப் பட்டது. சேலஞ்ச் என்றதும் நம் மனசில் வருவது என்ன? மீசை முறுக்கல், தொடை தட்டல், ‘முடிஞ்சா செஞ்சு பாரு’. அதனால்தான் ‘சேலஞ்ச் ஓட்டு’ என்றதும், அதிகாரியிடம் மல்லுக்கட்டி வாங்குகிற ஓட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லுக்குள் வேறொரு பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், வாக்குச்சாவடியில் எல்லாம் புழங்குவது அந்த இன்னொரு பொருள்தான். அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

பொய்ப் பழியிலிருந்து பிறந்த சொல்

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீன் மூலச்சொல் ‘கலும்னியா’. அதற்குப் பொருள் பொய்க் குற்றச்சாட்டு, வீண்பழி. அதே மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொரு சொல்லும் வந்தது: ‘கேலம்னி’, அதாவது அவதூறு. ஆக, ‘சேலஞ்ச்’, ‘கேலம்னி’ இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மரியாதையான வேலைக்குப் போய்விட்டது, இன்னொன்று பழைய தொழிலிலேயே இருந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லின் தொடக்க காலப் பொருள் குற்றம் சாட்டுவது, கண்டிப்பது, கணக்குக் கேட்பது. கூடவே ‘இது என்னுடையது’ என்று உரிமை கோருவது என்ற பொருளும் இருந்தது. ‘வா, மோதிப் பார்க்கலாம்’ என்ற பொருள் அதற்குப் பிறகு வந்தது.

குற்றச்சாட்டு எப்படிச் சண்டைக்கான அழைப்பாக மாறியது? ஒருவர் உங்கள் மேல் பழி போடுகிறார். நீங்கள் ‘அதை நிரூபி’ என்கிறீர்கள். அன்றைய ஐரோப்பாவில் நிரூபிக்கிற வழிகளில் ஒன்று ஆயுதம். நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1780 ஆகஸ்டில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், தன் ஆலோசனைக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ் உண்மையும் நாணயமும் இல்லாதவர் என்று அரசாங்கக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். பிரான்சிஸ் உடனே அவரை ‘சேலஞ்ச்’ செய்தார். இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். பிரான்சிஸ் குண்டடிபட்டுப் பிழைத்துக்கொண்டார். யார் நாணயமானவர் என்பது அந்தக் குண்டால் தெரிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். கவனிக்க வேண்டியது வரிசையை: முதலில் ஒரு குற்றச்சாட்டு, அதற்குப் பிறகு நிரூபணத்துக்கான அழைப்பு. துப்பாக்கி என்பது நிரூபிக்கும் முறை மட்டுமே. காலப்போக்கில் முறை மறைந்துபோனது, ஆனால் அந்தப் புகைவாசனை சொல்லிலேயே தங்கிவிட்டது.

நம்ம ‘சவால்’ எங்கிருந்து வந்தது?

இனி தமிழ்ப் பக்கம். சேலஞ்ச் என்பதற்கு நாம் உடனே சொல்வது ‘சவால்’. இது அரபு மொழியில் ‘சுஆல்’. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. மூலப் பொருள் ‘கேள்வி’. இந்திக்காரர்களுக்கு இன்றைக்கும் ‘சவால்’ என்றால் வெறும் கேள்விதான். அவர்கள் சேலஞ்சுக்கு ‘சுனௌதி’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அந்தக் கேள்வி மோதலாகிவிட்டது.

கேள்வியின் ஜோடியான பதிலும் நம்மிடம் வந்தது: ‘ஜவாப்’. பழைய ஆட்கள் ‘நான் அதுக்கு ஜவாப்தாரி இல்லை’ என்பார்கள். ஜவாப்தாரி என்றால் பதில் சொல்ல வேண்டியவர், அதாவது பொறுப்பாளி. பதில் சொல்கிறவர்தான் பொறுப்பாளி என்கிற அழகான கருத்து அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சவாலும் ஜவாபும் ஒன்றாக வந்து சேர்ந்த ஜோடி. ஜவாபுக்குப் ‘பதில்’ என்ற பொருள் தங்கிவிட்டது, சவாலுக்குக் ‘கேள்வி’ என்ற பொருள் உதிர்ந்துவிட்டது. நஷ்டம் நமக்குத்தான்.

நம் சொந்தச் சொல் ‘அறைகூவல்’. அறைதல் என்றால் அடிப்பது, பறை அறைவதுபோலச் சாற்றுவதும்கூட. கூவல் என்றால் உரத்து அழைப்பது. இது முழுக்கப் போர்க்களத்துச் சொல். வாக்குச்சாவடியில் இதைப் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தினால் போலீஸ் வந்துவிடும்.

நாலு வினைச்சொல், நாலு வேலை

ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் மூன்று உண்டு. நாம் எல்லாவற்றையும் ‘சவால் விடுறது’, ‘எதிர்க்கிறது’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்.

முதலாவது ‘டேர்’. பழைய ஆங்கிலத்தில் இதற்குத் துணிதல் என்று பொருள். ஒருவரை ‘டேர்’ பண்ணினால், ‘உனக்குத் தைரியம் கிடையாது, இருந்தா செய் பார்க்கலாம்’ என்று உசுப்பிவிடுகிறீர்கள். இங்கே சோதிக்கப்படுவது துணிச்சல். தமிழில் ‘சவால் விடு’ என்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது ‘டிஃபை’. லத்தீனில் நம்பிக்கை, விசுவாசம் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது. விசுவாசத்தைத் துறப்பது அதன் பழைய பொருள். ‘உன் பேச்சுக்கு நான் கட்டுப்படலை’ என்பது. தமிழில் ‘மீறு’.

மூன்றாவது ‘கன்ஃப்ரண்ட்’. இதன் வேரில் இருப்பது நெற்றி. நெற்றிக்கு நெற்றி, முகத்துக்கு முகம் நிற்பது. தமிழில் ‘நேருக்கு நேர் கேள்’, ‘மூஞ்சிக்கு நேரா கேள்’.

நான்காவது நம் ‘சேலஞ்ச்’. இதன் நடுவில் இருப்பது துணிச்சலோ, மீறலோ, முகமோ அல்ல. ஆதாரம். நீ ஒன்றைச் சொல்கிறாய், அது சரிதான் என்று காட்டு. இதற்குத் தமிழில் மிக நெருக்கமாக எனக்குத் தெரிந்த வழக்கு ‘தட்டிக்கேட்பது’. தட்டிப் பார்ப்பது என்பது நமக்குப் பழகிய சோதனை. மண்பானையைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பானை மேல் நமக்கு ஒன்றும் விரோதம் கிடையாது. எங்க ஊர் மிளகும் அப்படித்தான். தண்ணியில் போட்டால் சொத்தை மிதக்கும், நல்லது அடியில் போகும். தண்ணீர் மிளகோடு சண்டை போடவில்லை. ‘நீ முழு மிளகுதானா?’ என்று கேட்கிறது.

பாராக்காரன் கேட்கிற கேள்வி

சேலஞ்சின் இந்த அர்த்தம் சுத்தமாகத் தெரிகிற இடம் ராணுவ முகாமின் வாசல். இருட்டில் யாரோ வருகிறார்கள். பாராக்காரன் ‘யார் அங்கே வருவது?’ என்று குரல் கொடுக்கிறான். ராணுவ மொழியில் இந்தக் குரலுக்குப் பேரே சேலஞ்ச். ஆங்கில ‘ஹூ கம்ஸ் தேர்’ இந்தியச் சிப்பாய்கள் வாயில் ‘ஹுக்கும்தார்’ ஆன கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வருகிறவர் அன்றைய அடையாளச் சொல்லைச் சொன்னால் உள்ளே போகலாம். வருவது சொந்தத் தளபதியாகவே இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டதற்காகத் தளபதி கோபித்துக்கொள்ள முடியாது. கேட்காமல் விட்டால்தான் சிப்பாய்க்குத் தண்டனை.

என் தொழிலில் தினமும் இந்தப் பாராக்காரனோடுதான் குடித்தனம். கம்ப்யூட்டர் பாதுகாப்பில் ‘சேலஞ்ச் ரெஸ்பான்ஸ்’ என்று ஒரு முறை. தமிழில் சொன்னால் சவால் ஜவாப், அதுவும் பழைய அசல் பொருளில். உங்களிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, சர்வரிடமும் அது இருக்கிறது. நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். சாவியையே அனுப்பினால் நடுவில் ஒட்டுக் கேட்கிறவர் திருடிவிடுவார். அதனால் சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும். அதுதான் சேலஞ்ச். உங்கள் கருவி அந்த எண்ணையும் சாவியையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். சர்வரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. ஒன்று, கேள்வி ஒவ்வொரு முறையும் புதுசு. நேற்றைய விடையைத் திருடி வைத்திருப்பவன் இன்றைக்கு உள்ளே நுழைய முடியாது. இரண்டு, உண்மையானவர் தன் ரகசியத்தை வெளியே கொட்டாமலே தன்னை நிரூபிக்க முடிகிறது. நல்ல கேள்வி என்பது அவமானப்படுத்தாமல் உண்மையை வெளியே கொண்டுவருவது. வீட்டு வைஃபையில் உங்கள் போன் சேரும்போதும் இந்த வகைக் கேள்வி பதில்தான் நடக்கிறது. நமக்குத் தெரிவதில்லை. போனும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரியிலும் இதே சொல் வேலை செய்கிறது. கர்ப்பிணிகளுக்கு ‘குளுக்கோஸ் சேலஞ்ச் டெஸ்ட்’ எடுப்பார்களே, அதில் சேலஞ்ச் என்ன? நம் ஊரில் பரவலாக உள்ள ஒரு முறையில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சும்மா இருக்கிற உடம்பு எதையும் சொல்லாது. ஒரு சுமையைக் கொடுத்து, ‘இதைச் சமாளிப்பியா?’ என்று கேட்டால்தான் பதில் வரும். டாக்டர் கர்ப்பிணிக்குச் சவால் விடவில்லை. அவர் உடம்பிடம் ஒரு கேள்வி கேட்கிறார்.

வாக்குச்சாவடியில் 2 ரூபாய்

இந்த அர்த்தத்தை மனசில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49 என்ற எண்ணோடு ஆங்கில எழுத்து சேர்ந்த விதிகள் வரிசையாக வரும், மின்னணு இயந்திரத்தில் நடக்கிற வாக்குப்பதிவுக்கானவை. அதில் 49ஜே என்பதுதான் அடையாளத்தைச் சேலஞ்ச் செய்வது பற்றிய விதி.

நடப்பது இப்படி. நீங்கள் சாவடிக்குள் போய் ‘இந்த வரிசை எண்ணில் இருக்கிற வாக்காளர் நான்தான்’ என்கிறீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற ஏதாவது ஒரு வேட்பாளரின் பூத் ஏஜென்ட், ‘இவர் அவர் இல்லை’ என்று ஆட்சேபிக்கலாம். இதுதான் சேலஞ்ச். ஆனால் சும்மா சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் முதலில் 2 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு சாவடியின் தலைமை அலுவலர், ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று உங்களுக்கு எச்சரிக்கை சொல்வார். பட்டியலில் உள்ள பதிவை முழுதாக வாசித்து, ‘இது நீங்கள்தானா?’ என்று கேட்பார். படிவம் 14ல் உங்கள் பெயர், முகவரி எழுதி, கையெழுத்து வாங்குவார். பிறகு அங்கேயே ஒரு சுருக்கமான விசாரணை.

அந்த விசாரணையில் ஆதாரம் கேட்கப்படுவது இரண்டு பக்கமும். ஆட்சேபித்தவரிடம் ‘நீ சொன்னதற்கு என்ன சாட்சி?’ என்றும் கேட்கலாம், உங்களிடம் ‘நீங்கள்தான் என்பதற்கு என்ன சாட்சி?’ என்றும் கேட்கலாம். ஆட்சேபம் நிரூபிக்கப்படவில்லை என்றால் உங்களை ஓட்டுப் போட விட்டாக வேண்டும். நிரூபணமானால் ஓட்டு கிடையாது. அந்த 2 ரூபாய்? ஆட்சேபம் அற்பமானது, நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டதில்லை என்று அலுவலர் நினைத்தால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும். மற்றபடி திருப்பித் தரப்படும்.

2 ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு டீகூட வராது. ஆனாலும் அதற்குள் இருக்கிற யோசனை பழசு, நல்ல யோசனை. கேள்வி கேட்கிறவரும் எதையாவது பணயம் வைக்க வேண்டும். ரோமாபுரியில் ‘கலும்னியா’வுக்கு, அதாவது வேண்டுமென்றே பொய் வழக்குப் போட்டவனுக்கு, தண்டனை இருந்தது. டென்னிஸில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்று கணினிக் கேமரா வழியாகச் சேலஞ்ச் செய்கிற வசதி 2006ல் அமெரிக்க ஓபனில் வந்தபோதும் இதே கணக்குதான். நீங்கள் சொன்னது சரி என்றால் உங்கள் வாய்ப்பு குறையாது, தப்பு என்றால் ஒன்று போகும். உரிமையும் உண்டு, அதற்கு விலையும் உண்டு.

ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, மேடும் பள்ளமும் நடந்து வந்து வரிசையில் நிற்கிற ஒரு பாட்டியைப் பார்த்து ஒரு ஏஜென்ட் ‘இவங்க அவங்க இல்லை’ என்று சொன்னால், பாட்டிக்கு என்ன ஆகும்? தண்டனை, படிவம், சத்தியம் என்று காதில் விழுந்ததும் ‘எதுக்குடா வம்பு’ என்று திரும்பிப் போய்விடக்கூடும். சேலஞ்ச் என்றால் சண்டை என்றுதானே அவருக்கும் தெரியும்? ‘இது ஒரு கேள்வி, அவ்வளவுதான். பதில் சொன்னால் ஓட்டு உன்னுது. அந்த ஆளும் சாட்சி காட்டணும்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பார். ஒரு வினைச்சொல்லின் அர்த்தம் இந்த இடத்தில் ஒரு ஓட்டின் விலை.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுகிற இன்னொன்று ‘டெண்டர் ஓட்டு’. அது 49பி. 2018 தீபாவளிக்கு வந்த விஜய்யின் ‘சர்கார்’ படத்தால் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமானது. உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்றால், நீங்கள் அடையாளக் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்ன பிறகு, இயந்திரத்தில் இல்லாமல் தனி வாக்குச்சீட்டில் போடுகிற ஓட்டு அது. தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் என்று அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்வதற்கும் விதியில் இடம் இல்லை.

இந்த 49 வரிசையில் எங்க மலைக்கு ஒரு சின்னச் சரித்திரமும் உண்டு. யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்பவர்களுக்கு முன்பு 49ஓ தான் வழி. அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும், ரகசியம் கிடையாது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ‘நோட்டா’ பொத்தான் வந்தது. தமிழ்நாட்டில் முதன்முதலாக அது பயன்பட்டது 2013 டிசம்பர் 4ல் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில். நோட்டா ஒரு மறுப்பு. ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சேலஞ்ச் அப்படி இல்லை. அதில் எதிராளி பதில் சொல்லியாக வேண்டும், பதில் சரியாக இருந்தால் நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பொற்கொல்லனும் கண்ணகியும்

‘தீர்ப்பைச் சேலஞ்ச் பண்ணி மேல் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க’ என்று செய்தியில் கேட்கிறோம். யாரும் நீதிபதியோடு மல்லுக்குப் போகவில்லை. ‘இந்த முடிவு சரியான ஆதாரத்தில் நிற்கிறதா?’ என்று கேட்கப் போயிருக்கிறார்கள். இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்தால், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் திரும்பப் பார்க்கலாம்.

கதை தெரிந்ததுதான். அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்று பொற்கொல்லன் பழி சொல்கிறான். அது அசல் ‘கலும்னியா’, வீண்பழி. அதைத் தட்டிக்கேட்க வேண்டிய இடத்தில் இருந்த பாண்டியன் நெடுஞ்செழியன் விசாரிக்காமலே உத்தரவு போடுகிறான். கோவலன் கொல்லப்படுகிறான். பிறகு கண்ணகி அரசவைக்கு வருகிறாள். அவளுடைய கோபத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அவளுடைய முறைதான் வியப்பு. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். அரசன் தன் மனைவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். இப்போது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி உருவாகிவிட்டது. சிலம்பை உடைத்தால் ஒரே நொடியில் பதில் தெரிந்துவிடும். உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது.

அரசன் என்ன செய்தான்? ‘என்னையே எதிர்த்துக் கேட்கிறாயா?’ என்று சொல்லவில்லை. தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை ஏற்றுக்கொண்டான், நிஜமான ஜவாப்தாரி. லத்தீனில் ஒரே வேரிலிருந்து பிறந்த பொய்ப்பழியும் நிரூபணக் கேள்வியும் நம் காப்பியத்தில் ஒரே கதையில் எதிரெதிரே நிற்கின்றன.

‘என்னையே சேலஞ்ச் பண்றியா?’

ஆனால் நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நிலைமை என்ன? என் வேலையில் வெளிநாட்டு சகாக்கள் ஒரு மீட்டிங்கில், ‘இந்த அனுமானத்தை நான் சேலஞ்ச் செய்ய விரும்புகிறேன்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போவார்கள். நம் ஆட்களில் பலருக்கு அன்றைக்கு முழுக்க முகம் வாடிவிடும். அனுமானத்தைக் கேட்டார்கள், இவர் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டார். நம் பையன்கள் கேள்வி கேட்கத் தயங்குவதற்கும் இதுவே காரணம். வீட்டில் ‘எதிர்த்துப் பேசுறியா?’ என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு, கேள்வியும் எதிர்ப்பும் வேறு வேறு என்று யார் சொல்லிக்கொடுத்தது?

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். சில பேர் கேள்வியை ஆயுதமாகத்தான் பயன்படுத்துகிறார்கள். பதில் என்ன வந்தாலும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அது பழைய கலும்னியா, கேள்விக்குறி மட்டும் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கிற சோதனை சின்னது: எந்தப் பதில் வந்தால் இவர் ‘சரி’ என்பார்? அப்படி ஒரு பதில் இருந்தால் அது சேலஞ்ச். எந்தப் பதிலும் இல்லையென்றால் அது வம்பு.

எங்க ஊர் கிராம சபையிலும் இது பொருந்தும். ‘ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க, எவ்வளவு செலவாச்சு, பில்லு எங்க?’ என்பது நல்ல சேலஞ்ச். பில்லைக் காட்டினால் முடிந்தது. ‘எல்லாரும் திருடனுங்க’ என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, அதனால் யாருக்கும் அதில் பயமும் கிடையாது. சத்தமாகப் பேசுகிறவரைவிட, உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்கிற பெண்மணிதான் அந்தச் சொல்லின் சரியான அர்த்தத்தில் சேலஞ்ச் செய்கிறார்.

ஆகவே மொழிபெயர்க்கும்போது என் வழக்கம் இது. உசுப்பேற்றினால் ‘சவால் விடுதல்’. போருக்கு அழைத்தால் ‘அறைகூவல்’. வாக்குச்சாவடியிலும் பட்டியலிலும் ‘ஆட்சேபித்தல்’. தீர்ப்பு என்றால் ‘எதிர்த்து மேல்முறையீடு’. கம்ப்யூட்டரில் ‘சோதனைக் கேள்வி’. அநியாயம் என்று தோன்றும் இடத்தில் ‘தட்டிக்கேட்டல்’. ஒரே ஆங்கில வினைக்கு ஆறு தமிழ். சொல் பஞ்சம் நமக்கு இல்லை.

அடுத்த தேர்தலுக்கு அந்தச் செய்தி மறுபடி மலையேறி வரும். வந்தால் அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள். சேலஞ்ச் ஓட்டு என்று வாக்காளர் கேட்டு வாங்கக்கூடிய ஓட்டு எதுவும் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது. பெயர் இருந்து, சாவடியில் யாராவது ‘நீங்க அவங்க இல்லை’ என்றால் திரும்பிப் போகாதீர்கள். அவர் 2 ரூபாய் கட்டட்டும், தன் சாட்சியைக் காட்டட்டும். நீங்கள் நின்று பதில் சொல்லிவிட்டு ஓட்டுப் போடுங்கள்.